ஒரே அணி, இரண்டு கார், ஒரு பட்டம்: பந்தயத்தில் சக வீரர்கள் மோதிக்கொள்வது ஏன்?

2025 ஜூன் 15, மொன்றியல். 70 சுற்றுகள் கொண்ட கனடா கிராண்ட் பிரீயின் 67ஆவது சுற்று. நான்காம் இடத்தில் ஆஸ்கர் பியாஸ்ட்ரி, அவரை ஒட்டி ஐந்தாம் இடத்தில் லாண்டோ நோரிஸ். இருவரும் மெக்லாரன் அணி. பியாஸ்ட்ரியின் காருக்கும் சுவருக்கும் நடுவே இடம் கிடைக்கும் என்று நம்பி நேர்சாலையில் நோரிஸ் மூக்கை நுழைத்தார். இடம் இல்லை. சக வீரரின் பின்சக்கரத்தில் இடித்து, சுவரில் உரசி, அவரது பந்தயம் அங்கேயே முடிந்தது. தவறு தன்னுடையது என்று ரேடியோவில் உடனே ஒப்புக்கொண்டார்.

ஃபார்முலா ஒன்னை எப்போதாவது பார்ப்பவர்களுக்கு இது புரியாத காட்சி. ஒரே நிறச் சட்டை, ஒரே முதலாளி, ஒரே தொழிற்சாலையில் செய்த கார். கிரிக்கெட்டில் இரண்டு பேட்ஸ்மேன்கள் ஓட்டத்துக்கு ஓடும்போது முட்டிக்கொண்டால் அது தற்செயல். இங்கே மட்டும் ஏன் இது மீண்டும் மீண்டும் நடக்கிறது? அவசரக்கார இளைஞர்கள், கட்டுக்கடங்காத ஆணவம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பெரும்பாலான மோதல்களின் வேர் அந்த வளைவில் இல்லை. பந்தயத்தின் அமைப்பிலும், பந்தயத்துக்கு முன்பு அணிக்குள் தெளிவாகப் பேசாமல் விட்ட விஷயங்களிலும் இருக்கிறது.

முதலில், எத்தனை பட்டங்கள்?

ஒவ்வோர் அணியும் பந்தயத்தில் இரண்டு கார்களை இறக்குகிறது. முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18, மூன்றாமிடத்துக்கு 15. அதன்பின் 12, 10, 8, 6, 4, 2, 1. 2010 முதல் இதுதான் அளவு. இந்தப் புள்ளிகள் ஒரே நேரத்தில் இரண்டு கணக்குகளில் ஏறுகின்றன.

1. ஓட்டுநர் பட்டம். ஒவ்வோர் ஓட்டுநரும் தனக்காகச் சேர்ப்பது. உலக சாம்பியன் என்று ஊர் சொல்வது இதை வென்றவரைத்தான்.

2. கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம். இரு கார்களின் புள்ளிகளையும் கூட்டி அணிக்குத் தருவது. ஆண்டு இறுதியில் அணிகளுக்குக் கிடைக்கும் பரிசுப் பணம் இந்த வரிசையைச் சார்ந்தது.

அணியின் கண்ணில் நோரிஸ் முன்னால் வந்தாலும் பியாஸ்ட்ரி முன்னால் வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. ஓட்டுநருக்கு அது 25க்கும் 18க்கும் உள்ள வித்தியாசம். சம்பளம் தருபவருக்கு எந்த மாற்றமும் இல்லாத இடத்தில், வேலை செய்பவருக்கு வாழ்நாள் கனவே தொங்குகிறது. விரிசல் இங்கேதான் தொடங்குகிறது.

அளவுகோல் பக்கத்து ஷெட்டில்

ஓர் ஓட்டுநர் நல்லவரா சுமாரானவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எதிரணிக்காரரோடு ஒப்பிட முடியாது, அவர் கார் வேறு. பத்தாம் இடத்தில் முடித்தவர் மோசமான காரில் அற்புதமாக ஓட்டியிருக்கலாம். அதே காரை ஓட்டுகிறவர் உலகத்தில் இன்னும் ஒரே ஒருவர்தான். ஆகவே ஓட்டுநரின் மதிப்பு, அடுத்த ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் அந்த ஒருவரோடு ஒப்பிட்டே முடிவாகின்றன. முதலில் தோற்கடிக்க வேண்டியவர் சக வீரர்தான் என்பது இந்தத் துறையின் பழைய பாடம்.

போதாக்குறைக்கு, ஒவ்வொருவருக்கும் தனிப் பொறியாளர், தனி மெக்கானிக்குகள். ஓர் அணி என்று நாம் பார்ப்பது உள்ளே இரண்டு சிறு அணிகள். தகவல்களைப் பகிர்ந்துகொள்வார்கள், எங்கே பிரேக் பிடிக்கிறார், எந்த வளைவில் எவ்வளவு வேகம் என்று ஒருவரின் தரவை மற்றவர் வரி வரியாகப் பார்க்கலாம். அதனால் இருவரின் வேகமும் நெருங்கி வருகிறது, உரசலும் கூடவே வருகிறது.

ஒரே மாதிரிக் கார்கள் முந்துவது ஏன் கடினம்?

இது தொழில்நுட்ப விஷயம், ஆனால் மோதலைப் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல். 300 கி.மீ. வேகத்தில் ஒரு கார் நொடிக்குச் சுமார் 83 மீட்டர் நகர்கிறது. முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால், பின்னால் வருபவருக்கு நேர்சாலையில் எதிர்காற்று குறைந்து வேகம் கூடும். இதை ஸ்லிப்ஸ்ட்ரீம் என்கிறார்கள். வளைவில் நிலைமை தலைகீழ். குழம்பிய காற்றில் பின்னவரின் இறக்கைகள் சரியாக வேலை செய்யாமல், காரைத் தரையோடு அழுத்தும் விசை குறைந்துபோகும்.

எதிரணிக் காரை முந்தும்போது ஏதாவது ஒரு சாதகம் இருக்கும்: இன்ஜின் வலு, நேர்சாலை வேகம், மெதுவான வளைவில் பிடிப்பு. சக வீரரின் காரிடம் அப்படி எதுவும் இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கின்றன, ஒரே வேகத்தில் வளைகின்றன. எஞ்சியிருப்பது டயரின் வயது, இன்ஜின் அமைப்பு, ஓட்டுநரின் துணிச்சல் ஆகியவைதான். பிரேக்கை ஒரு கணம் தாமதிப்பது, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடைவெளியில் நுழைவது என்று முயற்சியே விளிம்பில்தான் நடக்கிறது.

சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கார்கள் என்பதால் பெரிய இடி தேவையில்லை. 2019 பிரேசில் பந்தயத்தில் ஃபெராரியின் செபாஸ்டியன் வெட்டலும் சார்ல்ஸ் லெக்லெரும் நேர்சாலையில் பக்கம் பக்கமாகப் போகும்போது மிக லேசாகத் தொட்டுக்கொண்டார்கள். லெக்லெரின் முன்சக்கரத் தாங்கி முறிந்தது, வெட்டலின் பின் டயர் கிழிந்தது. பந்தயம் முடிய ஐந்து சுற்றுகள் இருக்கையில் இரண்டு கார்களும் காலி.

மோதல் முளைக்கும் இடங்கள்

1. அரைகுறையாகப் பேசிய உடன்பாடு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். இத்தாலியின் இமோலா பாதையில் ஏழு ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1982 ஏப்ரல் 25. ஃபெராரியின் ஜில் வில்நெவும் டிடியே பிரோனியும் முதல் இரண்டு இடங்களில். அவர்களை மிரட்டக்கூடிய ரெனோ கார்கள் வெளியேறிவிட்டன. அணியினர் பிட் (கார்களுக்கு டயர் மாற்றும் இடம்) சுவரிலிருந்து காட்டிய பலகையில் இருந்த செய்தி ஒரே சொல்: மெதுவாக. இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று வில்நெவ் எடுத்துக்கொண்டார். காரைப் பத்திரமாக ஓட்டுங்கள், மற்றபடி போட்டி போடலாம் என்று பிரோனி எடுத்துக்கொண்டார். கடைசிச் சுற்றில் பிரோனி முந்தி வென்றார். வில்நெவ் அதைத் துரோகம் என்றே நினைத்தார். பதின்மூன்று நாள் கழித்து, மே 8 அன்று, பெல்ஜியத்தின் சோல்டர் பாதையில் தகுதிச் சுற்றின்போது விபத்தில் இறந்தார். ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று எவராலும் நிறுவ முடியாது. ஆனால் அந்தப் பலகையில் இன்னும் இரண்டு சொற்கள் இருந்திருந்தால், அந்த இருவருக்கும் இடையே அப்படியொரு கசப்பு வந்திருக்காது. நோரிஸ் பியாஸ்ட்ரியை இடித்த மொன்றியல் பாதைக்கு இன்று வில்நெவின் பெயர்தான்.

1989இல் அதே இமோலா. மெக்லாரனின் அயர்டன் சென்னாவும் அலன் பிராஸ்டும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள்: தொடக்கத்தில் யார் முன்னால் வருகிறாரோ, முதல் வளைவில் மற்றவர் அவரோடு மோதக் கூடாது. முதல் தொடக்கத்தில் சென்னா முன்னால் போனார், பிராஸ்ட் பின்னால் நின்றார். கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி தீப்பிடித்ததால் பந்தயம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கியது. இம்முறை பிராஸ்ட் முன்னால். டோசா வளைவுக்குள் சென்னா அவரை முந்தினார். மறு தொடக்கத்துக்கும் ஒப்பந்தம் செல்லுமா, முதல் வளைவு என்றால் எது? ஆளுக்கொரு பொருள் கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஜப்பானின் சுசுகாவில் இரண்டு மெக்லாரன்களும் பின்னிக்கொண்டு நின்றபோது, பட்டம் பிராஸ்டின் கைக்குப் போனது. சென்னா காரை மீண்டும் ஓட்டிப் போய் முதலாவதாக முடித்தும், வளைவைத் தவிர்த்துத் திரும்பியதற்காகத் தகுதி நீக்கப்பட்டார்.

இரண்டு கதைகளிலும் உடன்பாடு இருந்தது. ஒருவரும் பொய் சொன்னதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எழுதப்படாத விதியை ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமாக வாசித்தார்கள். அவ்வளவே போதுமானதாக இருந்தது.

2. ஒரே கார், வெவ்வேறு நிலை.

2010 துருக்கியில் ரெட் புல்லின் மார்க் வெப்பர் முதலிடம், அப்போது அவரது சக வீரராக இருந்த வெட்டல் இரண்டாமிடம். வெப்பர் எரிபொருளை மிச்சப்படுத்த இன்ஜின் அமைப்பைக் குறைத்திருந்தார். வெட்டலிடம் கொஞ்சம் எரிபொருள் கூடுதலாக இருந்தது, பின்னாலிருந்து மெக்லாரனின் லூயிஸ் ஹாமில்டன் நெருக்கினார். 40ஆவது சுற்றில் வெட்டல் உள்பக்கம் வந்து, முழுதாக முந்தும் முன்பே வலப்பக்கம் நகர்ந்தார். மோதல். வெட்டல் வெளியேற, வெப்பர் மூன்றாமிடத்துக்கு விழ, முதல் இரண்டு இடங்களும் மெக்லாரனுக்குப் போயின. இருவருக்கும் இருந்த தகவல் வேறு வேறு. மற்றவரின் நிலைமை என்ன என்று ஓடும் காருக்குள் இருந்தபடி எவருக்கும் தெரியாது.

2016 ஸ்பெயினில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. மெர்சிடிஸின் நிகோ ராஸ்பெர்க் முதல் வளைவில், அப்போது தன் சக வீரராக இருந்த ஹாமில்டனை முந்தினார். ஆனால் அவரது கார் தவறான இன்ஜின் அமைப்பில் இருந்ததால், மூன்றாம் வளைவைத் தாண்டியதும் வேகம் எடுக்கவில்லை. பின்னால் வந்த ஹாமில்டன் எதிர்பாராத வேகத்தில் நெருங்கி வலப்பக்க இடைவெளியில் நுழைய, ராஸ்பெர்க் அதை அடைக்க நகர, ஹாமில்டன் புல்லில் ஏறிச் சுழன்று ராஸ்பெர்க்கையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் சுற்றின் நான்காம் வளைவிலேயே இருவரும் வெளியே.

3. முதல் சுற்று.

இருபது, இருபத்திரண்டு கார்கள், குளிர்ந்த டயர்கள், ஒரே வளைவு. 1999இல் ஆஸ்திரியாவில் மெக்லாரனின் டேவிட் கூல்ட்ஹார்ட் சக வீரர் மிகா ஹாக்கினனைச் சுழற்றிவிட்டது, 2024 மொனாக்கோவில் ஆல்பைன் அணியின் எஸ்டபான் ஓகான் பியர் காஸ்லியின் மீது பாய்ந்தது, 2025 சிங்கப்பூரில் நோரிஸ் ரெட் புல்லின் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் காரைத் தொட்டுச் சறுக்கிப் பியாஸ்ட்ரியை இடித்தது எல்லாம் இந்த வகை.

4. சேர்ந்துபோன பழைய கணக்கு.

ஃபோர்ஸ் இந்தியா அணியின் செர்ஜியோ பெரஸும் ஓகானும் 2017 கனடாவில் இடம் கொடுப்பது பற்றித் தகராறு செய்தார்கள். அடுத்த பந்தயத்தில், அஜர்பைஜானின் பாகுவில், மோதினார்கள். பெல்ஜியத்தில் ஒரே பந்தயத்தில் இரண்டு முறை மோதினார்கள். அதன் பிறகுதான் யார் எப்போது போகலாம் என்று அணி உத்தரவு போடத் தொடங்கியது. முதல் தகராறிலேயே உட்கார வைத்துப் பேசியிருக்க வேண்டிய விஷயம்.

விலை எவ்வளவு?

ஸ்பெயின் 2016ஐயே எடுத்துக்கொள்வோம். மெர்சிடிஸுக்குச் சாத்தியமாக இருந்தது 25, 18, ஆக 43 புள்ளி. கிடைத்தது 0. அன்று ஃபெராரி இரண்டாம், மூன்றாம் இடங்களில் 33 புள்ளி எடுத்தது. ரெட் புல் முதல், நான்காம் இடங்களில் 37 எடுத்தது. ரெட் புல் அணியில் அதுவே தன் முதல் பந்தயமாக இருந்த, 18 வயது மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் உலகின் மிக இளைய கிராண்ட் பிரீ வெற்றியாளரானார். இரண்டு கார்கள் வெளியேறினால் பின்னால் வரும் எல்லோரும் இரண்டு படி ஏறுகிறார்கள், இழப்பு இரட்டிப்பு.

மோதாமலே பட்டத்தைக் கோட்டை விடுவதும் உண்டு. 2007இல் மெக்லாரனின் பெர்னாண்டோ அலோன்சோவும் ஹாமில்டனும் ஒருவரிடமிருந்து ஒருவர் புள்ளி பறித்துக்கொண்டே போய், ஆளுக்கு 109இல் முடித்தார்கள். ஃபெராரியின் கிமி ராய்க்கோனன் 110 புள்ளியோடு சாம்பியன்.

மோட்டார் சைக்கிள் பந்தயமும் விலக்கல்ல. 2006இல் போர்ச்சுகல் பந்தயத்தில் ஹோண்டாவின் டானி பெட்ரோசா, பட்டத்தில் முன்னணியில் இருந்த சக வீரர் நிக்கி ஹேடனையே கீழே தள்ளிவிட்டார். கடைசிப் பந்தயத்தில், அதற்குள் புள்ளியில் முந்திவிட்டிருந்த வாலன்டினோ ரோஸி விழுந்ததால்தான் ஹேடனுக்குப் பட்டம் 5 புள்ளி வித்தியாசத்தில் திரும்பக் கிடைத்தது.

அணிகள் என்ன செய்கின்றன?

பெரும்பாலும் இரண்டு வழிகள்.

முதல் வழி, ஒருவரை முதன்மை ஓட்டுநராக அறிவித்து, மற்றவரை அவருக்கு உதவச் சொல்வது. மைக்கேல் ஷூமாக்கர் காலத்து ஃபெராரி இப்படித்தான் இயங்கியது. மோதல் அநேகமாக இல்லை. ஆனால் 2002 ஆஸ்திரியாவில், ஆரம்பம் முதல் முன்னணியில் இருந்த ரூபன்ஸ் பாரிச்செல்லோ இறுதிக் கோட்டுக்கு முன்னால் வேகம் குறைத்து ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுத்தபோது பார்வையாளர்கள் கூச்சலிட்டார்கள். பந்தய முடிவில் தலையிடும் அணி உத்தரவுகள் 2003 முதல் தடை செய்யப்பட்டன. தடை நடைமுறையில் வேலை செய்யவில்லை. 2010 ஜெர்மனியில், பெர்னாண்டோ (அப்போது ஃபெராரியில் இருந்த அலோன்சோ) உன்னைவிட வேகமாக இருக்கிறார் என்று ஃபெராரி பொறியாளர் ஃபெலிப்பே மாசாவிடம் சொன்ன வாக்கியம், உத்தரவு என்ற சொல் இல்லாத உத்தரவு. ஃபெராரிக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம். 2011இல் தடையே நீக்கப்பட்டது.

உத்தரவு போட்டாலும் ஓட்டுநர் கேட்க வேண்டுமே. 2013 மலேசியாவில் இருக்கும் வரிசையிலேயே முடிக்கும்படி ரெட் புல் சொல்லியும், வெட்டல் வெப்பரை முந்தி வென்றார். அதற்காகப் பந்தய அமைப்பின் தண்டனை எதுவும் கிடையாது. அது வீட்டுக்குள்ளான விவகாரம்.

இரண்டாம் வழி, இருவரையும் சமமாக நடத்தி, போட்டி போடுங்கள், ஆனால் தொடாதீர்கள் என்பது. 2016 ஆஸ்திரியாவில் கடைசிச் சுற்றில் ஹாமில்டனும் ராஸ்பெர்க்கும் மறுபடியும் இடித்துக்கொண்ட பிறகு, மெர்சிடிஸ் இந்தக் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கியது. நேர்மையான வழி இது என்பது என் கருத்து. கடினமான வழியும் இதுவே. சமம் என்பது ஒவ்வொரு பிட் ஸ்டாப்பிலும் சோதிக்கப்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு கார்களுக்கும் டயர் மாற்ற முடியாது. முதலில் உள்ளே வருபவர் புது டயரின் வேகத்தில், பிறகு டயர் மாற்ற வருபவரை முந்திவிடுவது சாதாரணம். யாரை முதலில் அழைப்பது என்பதே ஒரு தீர்ப்பு.

ஸ்டூவர்டுகள் பார்ப்பது வேறு, அணி பார்ப்பது வேறு

மோதல் நடந்ததும் விசாரிக்கும் நடுவர்களை ஸ்டூவர்டுகள் என்பார்கள். உலக மோட்டார் அமைப்பான எஃப்.ஐ.ஏ.யின் வழிகாட்டுதல்படி, உள்பக்கமாக முந்துபவரின் முன் அச்சு, வளைவின் உச்சிப் புள்ளிக்கு முன்பே மற்ற காரின் பக்கக் கண்ணாடி அளவுக்காவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அவருக்கு இடம் விட வேண்டும். இருவரும் ஒரே அணியா என்பது அவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஸ்பெயின் 2016ஐப் பந்தய நிகழ்வு என்று தண்டனையின்றி விட்டார்கள். அதே ஆண்டு ஆஸ்திரியாவில் ராஸ்பெர்க்குக்கு 10 வினாடி தண்டனை. 2018 பாகுவில் வெர்ஸ்டாப்பனின் பின்னால் அவரது ரெட் புல் சக வீரர் டேனியல் ரிக்கியார்டோ இடித்தபோது இருவருக்கும் கண்டிப்பு.

அணிக்குள் நடக்கும் விசாரணையின் எடை இதைவிட அதிகம். பாகு மோதல் நடந்த ஆண்டின் இறுதியில் ரிக்கியார்டோ ரெட் புல்லை விட்டுப் போனார். மொனாக்கோ மோதல் நடந்து சில நாள்களில், அந்தப் பருவத்தோடு ஓகான் விலகுகிறார் என்று ஆல்பைன் அறிவித்தது.

பப்பாளி விதிகளின் கணக்கு

மெக்லாரன் காரின் ஆரஞ்சு நிறத்துக்குப் பப்பாளி என்று பெயர். நோரிஸுக்கும் பியாஸ்ட்ரிக்கும் இருந்த நடைமுறைகளைப் பப்பாளி விதிகள் என்று அழைத்தார்கள். தொடாதே என்பது அடிப்படை. அதற்கு மேல் ஒரு தர்மம்: அணியின் முடிவால் ஒருவருக்கு அநியாயம் நேர்ந்தால் மற்றவர் சரி செய்ய வேண்டும். 2024 ஹங்கேரியில் பிட் வரிசையால் முன்னால் வந்த நோரிஸ், அணி பலமுறை கேட்ட பிறகு பியாஸ்ட்ரிக்கு இடம் விட்டார். அது பியாஸ்ட்ரியின் முதல் வெற்றி.

2025 செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில் முறை மாறியது. பின்னால் இருந்த பியாஸ்ட்ரியை முதலில் பிட்டுக்கு அழைத்தார்கள். நோரிஸின் டயர் மாற்றத்தில் ஒரு சக்கரம் சிக்கிக்கொள்ள, பியாஸ்ட்ரி முன்னால் வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்றது அணி. மெதுவான பிட் ஸ்டாப்பும் பந்தயத்தின் அங்கம்தானே என்று கேட்டுவிட்டு, பியாஸ்ட்ரி கொடுத்தார். இங்கேயும் பழைய இமோலா எட்டிப் பார்க்கிறது. பிட் வரிசையை ஈடுகட்டும் விதி, மெக்கானிக்கின் கை தவறியதையும் ஈடுகட்டுமா? அன்று வரை அதைத் தெளிவாக வரையறுத்திருந்தால் ரேடியோவில் அந்தக் கேள்வி வந்திருக்காது.

பிறகு சிங்கப்பூர். நோரிஸ்தான் பொறுப்பு என்று அணி முடிவு செய்து, அதற்கு விளைவுகள் உண்டு என்றது. என்ன விளைவு என்று வெளியே சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து அமெரிக்காவின் ஆஸ்டினில் ஸ்பிரிண்ட் என்னும் குறும்பந்தயத்தின் முதல் வளைவில், உள்பக்கம் திரும்பிய பியாஸ்ட்ரி, வேறு அணியின் நிகோ ஹுல்கன்பெர்க்கின் காரோடு மோதி நோரிஸின் மேல் விழுந்தார். இரண்டு மெக்லாரன்களும் வெளியேறின, வெர்ஸ்டாப்பன் வென்றார். தன் பங்குப் பொறுப்பைப் பியாஸ்ட்ரி ஏற்றுக்கொள்ள, நோரிஸுக்கு இருந்த விளைவு ரத்தாகி, இருவரின் கணக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

டிசம்பரில் அபுதாபியில் முடிவு வந்தது. நோரிஸ் 423, வெர்ஸ்டாப்பன் 421, பியாஸ்ட்ரி 410. மொன்றியலில் சுவரில் போன ஐந்தாமிடம் நோரிஸுக்கு 10 புள்ளி இழப்பு. மோன்சாவில் பியாஸ்ட்ரி விட்டுக் கொடுத்த இடம் நோரிஸுக்கு 3 புள்ளி லாபம். அந்த 3 இல்லாமல், மற்ற எல்லாம் அப்படியே நடந்திருந்தால், நோரிஸின் எண்ணிக்கை 420ஆக நின்று, பட்டம் மெக்லாரனை விட்டே போயிருக்கும்.